ஏழாம் எண்ணுக்குப் பொற்றாமரை

கெடிலக்கரை இசைப் பேரவையின் பொற்றாமரை விழா ஒரு காலத்தில் எத்தகைய சிறப்போடு நடந்தது என்பதை லோகநாயகியைக் கேட்டால் சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். முதலாண்டு தொட்டே பெண்கள் பகுதியில், தோழி புஷ்பவள்ளியின் பக்கத்தில், பனையோலை விசிறியும் கையுமாக அமர்ந்து கேட்டவள் அவள்.

ஓராண்டு கடலூரிலும் மறு ஆண்டு சிதம்பரத்திலுமாகச் சித்திரை மாதத்தில் அவ்விழா நடைபெறும். மேடையின் குறுக்கே கருநீலத் திரை ஒன்று தொங்கும். பாட வருகிறவர் திரைக்குப் பின்னே பலகையில் அமர்ந்து பாடுவார். தெய்வப் பாடல்தான் பாட வேண்டும். எந்தத் தெய்வமாயினும் தடையில்லை. அவர் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்பது எதிரே இருக்கும் நடுவர்களுக்கும் தெரியாது, அவையோர்க்கும் தெரியாது. எண் ஒன்றுதான் அவருக்குப் பெயர். எல்லோரும் பாடி முடித்தபின் பொற்றாமரைப் பரிசை வென்ற எண்ணை அறிவிப்பார்கள். அந்த எண்ணுக்குரியவர் மீண்டும் பலகையில் போய் அமர, திரை விலகும். ஓராண்டு அவ்வாறு விலகியபோது, கடலூர்த் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் அந்தோணிசாமி தோளில் அழுக்குத் துண்டோடு அமர்ந்திருந்தான். அன்று எழுந்த ஆரவாரத்தில் மண்டபத்தின் உத்தரத்தில் உறங்கிய புறாக்கள் அத்தனையும் வெளியே பறந்தன. வானொலிக்காரர்கள் கருவிகளோடு வந்து பதிந்துகொண்டு போனார்கள். இடம் கிடையாதவர்கள் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியின் கீழே நின்று கேட்டார்கள். "நாலாம் நம்பரு யாரு மச்சான்? சத்தியமா பொண்ணுதான்ற? ஒரு சுத்து டீ பந்தயம்!" என்பதாகவே டீக்கடைகள் பேசின.

சிதம்பரத்தில் இவ்விழாவுக்குத் தனிச்சுவை உண்டு. திரை என்பது அவ்வூரார்க்குப் புதிதன்று. சிற்றம்பலத்தில் தீட்சிதர் திரையை விலக்க, உருவம் ஏதுமற்ற வெளியையும் அதன்மீது தொங்கும் பொன் வில்வ மாலையையும் கண்டு, தலைக்குமேல் கைகூப்பி வாழ்கிற ஊர் அது. திரை விலகும் ஓசை கேட்டாலே அங்குள்ள முதியோரின் கைகள் தாமாக உயரும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. தெய்வப் பாடலுக்குக் கைதட்டுவது தகாது என்று பேரவையைத் தொடங்கிய பெரியவர்கள் விதித்திருந்தார்கள். ஆகவே பாட்டு நன்றாயிருந்தால் அதை அறிவிக்க அவையோர்க்கு வேறு வழியில்லை. சித்திரை வெயிலில் எல்லோரும் விசிறிக்கொண்டிருப்பார்கள். குரல் ஒன்று நெஞ்சைத் தொட்டுவிட்டால், தொட்ட இடத்தில் விசிறிகள் நின்றுவிடும். யாரும் சொல்லிவைத்து நிறுத்துவதன்று, கை மறந்துபோகும். அந்தோணிசாமி பாடிய அன்று அவை முழுதும் அசைவற்று, வியர்வை ஒழுக, காற்றை வேண்டாமல் கிடந்தது. அதன்பின், 'விசிறி நின்னுபோச்சு' என்பது இரண்டு ஊர்களிலும் பாராட்டு மொழியாயிற்று. நல்ல வத்தக்குழம்புக்கும் அப்படியே சொன்னார்கள்.

தன் குரலுக்கும் ஒருநாள் அவ்வாறு விசிறிகள் நிற்க வேண்டும் என்பது லோகநாயகியின் நெடுநாள் ஆசை. அதை அவள் புஷ்பவள்ளி ஒருத்தியிடம் மட்டுமே சொல்லியிருந்தாள்.

பெரியவர்கள் ஒவ்வொருவராகக் காலம் சென்றபின், பேரவைக்குத் தலைவர் தேவைப்பட்டார். காடாம்புலியூரில் முந்திரிக் கிடங்கும், கடலூரில் மாடிவீடும், பழுதில்லாத கார் ஒன்றும் உடைமையால் லோகநாயகியின் கணவர் ராஜாமணியே அப்பதவிக்குத் தக்கவர் என்று முடிவாயிற்று. ராஜாமணி தீயவர் அல்லர். சொல்லப்போனால் அளவுகடந்த நல்லவர். விழா நலிந்ததே அவருடைய நற்குணத்தினால்தான். வந்தவர் எவரும் வெறுங்கையோடு திரும்புவதை அவர் மனம் தாங்கவில்லை. முதலில் இரண்டாம் பரிசு தோன்றியது. பின்பு ஊக்கப் பரிசு, ஆறுதல் பரிசு, வருகைப் பரிசு. பாடுவோர் குறைந்து பரிசுகள் மிஞ்சியபோது, சிறந்த ரசிகர், சிறந்த குடும்பம், முதலில் வந்து அமர்ந்தவர் என்று அவைக்கும் வழங்கப்பட்டன. கருநீலத் திரையின்மேல் முந்திரிப்பழம் ஒன்று வரையப்பட்டு, 'ராஜாமணி முந்திரி: உடையாதது' என்ற வாசகம் பொறிக்கப்பட்டது. மாலையில் சினிமாக் கொட்டகைகளோடு போட்டியிட இயலாமையால் விழா பிற்பகலுக்கு நகர்ந்தது. வானொலிக்காரர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பேருந்து நிலையத்து ஒலிபெருக்கி இப்போது காணாமற்போன பைகளைப் பற்றி மட்டுமே பேசிற்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவையோர் வெக்கையில் வாடுவதைக் காணப் பொறாத ராஜாமணி, மண்டபங்கள் இரண்டுக்கும் மின்விசிறிகளை நன்கொடையாக வழங்கினார். ஒவ்வொரு விசிறியின் மூன்று இறக்கைகளிலும் 'ராஜாமணி', 'முந்திரி', 'காடாம்புலியூர்' என்று சிவப்பில் எழுதுவித்தார். ஓடுகிற விசிறியில் எழுத்துத் தெரியாது என்பது பொருத்திய பிறகே தெரிந்தது. பனையோலை விசிறிகள் பரண் ஏறின. பாட்டு நன்றோ தீதோ, தலைக்குமேல் காற்று ஒரே சீராகச் சுழன்றது.

அவர் தலைவரான ஆண்டே லோகநாயகி திரைக்குப் பின்னே அமர்ந்தாள். பொற்றாமரை அவளுக்கே கிடைத்தது. அடுத்த ஆண்டும் கிடைத்தது, அதற்கடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும். வரவேற்பறை அலமாரியில் நான்கு தாமரைகளும் வரிசையாக மலர்ந்திருந்தன. ஆயினும் டீக்கடைகளில், "எட்டாம் நம்பரு யாரு?" என்று எவரும் பந்தயம் கட்டவில்லை என்பதை அவள் கவனிக்காமல் இல்லை.

ஐந்தாம் ஆண்டு விழா சிதம்பரத்தில். கடலூரிலிருந்து காரில் வந்துகொண்டிருக்கும்போதுதான் அந்தப் பேச்சு எழுந்தது.

"சோடா எடுத்து வெச்சியா?" என்றார் ராஜாமணி.

"வேணாங்க. தொண்ட கட்டியிருக்கு. சுக்குத்தண்ணி கொண்டாந்திருக்கேன்."

"என்னாது? சோடா வேணாமா? அதெப்பிடி வேணாம்னுவ?"

"பாடப்போறது நானு. எனக்கு வேணாம்."

"ஒனக்கு வேணாம் லோகு. அவுங்களுக்கு வேணுமே!"

"எவுங்களுக்கு?"

ராஜாமணி சன்னல் வழியே சவுக்குத் தோப்பைப் பார்த்தார். தோப்பு உதவிக்கு வரவில்லை.

"அது ஒன்னுமில்ல. நான் தலைவரான வருஷம் நம்ம கொளஞ்சியப்பன் கேட்டாரு. அவருதான நடுவர்ல மூத்தவரு? 'திரைக்குப் பின்னால வீட்டு அம்மா எப்பப் பாடறாங்கன்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?'னாரு. நான் என்னா சொல்றது? அவ பாடறதுக்கு முன்ன கோலி சோடா குடிப்பா, சத்தம் கேக்கும்னேன். உள்ளதத்தான சொன்னேன்? பரிசு குடுன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பனா?"

லோகநாயகி அவர் பக்கம் முழுதும் திரும்பினாள்.

"அப்ப நாலு வருஷமா பரிசு எனக்கா, சோடாவுக்கா?"

"ரெண்டும் ஒன்னுதான்டி. ஜாஸ்தி யோசிக்காத. புதுச்சத்திரத்துல நிறுத்தச் சொல்றேன், சோடா வாங்கிக்கலாம்."

வாங்கினார். பச்சைநிறக் கோலி சோடா ஒன்று அவள் மடியில் வந்து சேர்ந்தது. கார் குலுங்கும்போதெல்லாம் தாலாட்டை மறுத்து விழித்திருக்கும் குழந்தையைப்போல் அது கிடந்தது. தன் குரல் நல்ல குரலா, அல்லவா? நான்கு தாமரைகளும் அதற்கு விடையல்ல என்று இன்று தெரிந்துவிட்டது. விடை தெரியாமல் இனி ஒரு பாட்டும் பாட முடியாது என்றும் தெரிந்துவிட்டது.

மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலியாயிருந்தன. மேடைக்குப் பின்னே புஷ்பவள்ளி அவளைத் தேடி வந்தாள், சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

"என்னாடி லோகு, இன்னிக்கும் நீதான? குடுக்கறத வெரசா குடுக்கச் சொல்லு. மாடியில வடாம் காயுது."

"புஷ்பா, நெசத்தச் சொல்லு. நான் நல்லாப் பாடறனா?"

"அதான் பரிசு குடுக்கறாங்கல்ல?"

"பரிச உடு. என் பாட்டுக்கு நீ விசிறிய நிறுத்துவியா?"

புஷ்பவள்ளி சிரித்தாள். "விசிறி எங்கடி இருக்கு? ஒன் வூட்டுக்காரருதான் மேல மாட்டி உட்டுட்டாரே! அது நின்னா கரண்டு போச்சுன்னு அர்த்தம்."

அவள் போனபின் லோகநாயகி திரைக்குப் பின்னே நின்ற நைனா முகம்மதுவிடம் சோடாவை நீட்டினாள். பரங்கிப்பேட்டைக்காரர், ஒலிபெருக்கிக் கருவிகள் அவருடையவை, திரையின் கயிறும் அவர் பொறுப்பு.

"பாய், இத நீங்க குடிங்க."

"ஐயையோ, மொதலாளி அம்மாவுக்குன்னு வாங்கியாந்திருக்காரு!"

"அம்மாதான் குடுக்கறேன். தாகம் எடுக்கறப்ப குடிங்க."

"அல்லா ஒங்களுக்குப் பரக்கத்துக் குடுக்கட்டும்மா" என்று சொல்லி, சோடாவைப் பலகையின் ஓரம் வைத்தார்.

விழா தொடங்கியது. அறிவிப்பாளர் மணவாளன், தாலுகா அலுவலகத்தில் எழுத்தராயிருப்பவர். ஆண்டு முழுதும் அடக்கிவைத்த செந்தமிழை இந்த ஒருநாளில் திறந்துவிடுவார். "இசைக் கடலின் முதல் அலை எழுகின்றது!" என்றார். முதல் எண் பாடியது. பின்பு இரண்டு, மூன்று. திரைக்கு எதிரே நடுவர் மேசையில் கொளஞ்சியப்பனும் ஏனைய இருவரும் இட்டிலியும் கத்தரிக்காய்க் கொத்சும் உண்டவண்ணம் கேட்டார்கள். கொத்சு சுவையாயிருந்தமையின் தலை அசைந்தது. பாடியவர்கள் அதைத் தங்களுக்கென்று கொண்டார்கள்.

"ஏழாவது அலை! எழுக ஏழாம் எண்!" என்றார் மணவாளன்.

ஏழாம் எண் எழவில்லை. குறிஞ்சிப்பாடியிலிருந்து வர வேண்டிய அவர் பேருந்து கிடைக்காமல் வழியிலேயே நின்றுவிட்டார். திரைக்குப் பின்னே பலகை வெறுமனே கிடந்தது. நைனா முகம்மதுவுக்குக் கிடைத்த ஓய்வு அது. சோடாவை எடுத்துக் கட்டைவிரலால் கோலியை அழுத்தினார். 'டப்' என்ற ஓசை ஒலிவாங்கியில் பட்டு, மண்டபம் முழுதும் முழங்கிற்று.

நடுவர் மேசையில் மூன்று கைகள் இட்டிலியை விட்டன. கொளஞ்சியப்பன் பேனாவைத் திறந்தார், ஏதோ எழுதினார், மூடினார். மற்ற இருவரும் அவருடைய தாளைப் பார்த்து எழுதி மூடினார்கள். பின்பு மூவரும் கொத்சுக்குத் திரும்பினார்கள்.

நைனா முகம்மது சோடாவைக் குடித்துப் புட்டியைப் பலகையின் ஓரத்திலேயே வைத்துவிட்டு, கையோடு கருவியையும் சோதித்தார். "அலோ... அலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ..."

தொடங்கிய எதையும் முடித்துவைக்காமல் மணவாளனால் இருக்க இயலாது. "ஏழாம் எண் இனிதே நிறைவுற்றது!" என்று அறிவித்தார்.

எட்டாம் எண் லோகநாயகி. பலகையில் அமர்ந்து, ஆடவல்லானின் ஆடலைப் போற்றும் பதிகத்தைத் தொடங்கினாள். முதல் அடி முடியுமுன் மின்சாரம் நின்றுபோயிற்று. ஒலிவாங்கி ஊமையாயிற்று. மண்டபத்தின் மேலே விசிறிகள் தளர்ந்து, தளர்ந்து, எழுத்தெழுத்தாகத் தம் மறைபொருளை வெளியிட்டன.

"மாமா, அங்கப் பாரு, எழுதியிருக்கு!" என்றது ஒரு குரல்.

"ராஜாமணி... முந்திரி... ஓகோ, இத்தன நாளா இது நமக்குத் தெரியலியே!"

ராஜாமணி முன்வரிசையில் எழுந்து நின்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்.

திரைக்குப் பின்னே நைனா முகம்மது குனிந்து, "நிறுத்தாதீங்கம்மா. செட்டு செத்துப்போச்சு, தொண்ட இருக்குல்ல?" என்றார்.

அவள் நிறுத்தவில்லை. ஒலிவாங்கியின்றித் தன் குரலைத் தானே கேட்டு நெடுநாளாயிற்று. அது அவள் எண்ணியிருந்ததைவிடச் சிறியதாயிருந்தது. திரைக்கு அப்பால் 'சரசர' என்று ஓர் ஓசை எழுந்தது. வெக்கை தாங்காமல் அவையோர் நிகழ்ச்சித் தாளையும் முந்திரி விளம்பர அட்டையையும் எடுத்து விசிறத் தொடங்கியிருந்தார்கள். லோகநாயகிக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆண்டுகள் பல கழிந்து அவையின் கைகளில் மீண்டும் விசிறிகள்! இதோ, கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் வாய் திறந்துவிட்டது.

முதற் பாட்டுப் பாடினாள். சரசரப்பு நிற்கவில்லை. இரண்டாம் பாட்டில் ஓர் அடியைச் சுழற்றி வளர்க்கும் சங்கதி ஒன்றை, பரிசுபெற்ற ஆண்டுகளில் கொளஞ்சியப்பன் வானளாவப் புகழ்ந்த அதே சங்கதியைப் பாடினாள். சரசரப்பு மிகுந்தது. அவள் கண்கள் கலங்கின. மறைத்துக்கொள்ளத் திரை இருந்தது நல்லதாயிற்று. மூன்றாம் பாட்டில், தூக்கிய திருவடியை 'இது போதும் எனக்கு' என்று கெஞ்சிக் கேட்கும் அடி வந்தது. அப்போது அவளிடம் சங்கதி எதுவும் மிச்சமில்லை. பரிசை நினைக்கவில்லை, அவையையும் நினைக்கவில்லை. உள்ளபடியே கெஞ்சினாள்.

சரசரப்பு நின்றது.

நின்றது என்றால், மழை நின்றாற்போல் நின்றது. வெளியே வீதியில் போகும் மாட்டுவண்டியின் மணி கேட்டது. ஓர் அடி அளவு அந்த அமைதி நீடித்தது. அடுத்த அடிக்கு அவள் வந்தபோது, 'கேட்டீர்களா?' என்ற எண்ணம் குரலில் ஏறிவிட்டது. தாள்கள் மீண்டும் சரசரத்தன.

அவள் பாடி முடித்து ஓரமாகப் போய் நின்றாள். மற்ற எண்களும் முடிந்தன. மின்சாரம் வரவில்லை. வரவேண்டிய தேவையும் மணவாளனின் குரலுக்கு இல்லை. கொளஞ்சியப்பன் எழுந்து தீர்ப்பைப் படித்தார்.

"இவ்வாண்டுப் பொற்றாமரை ஏழாம் எண்ணுக்கு! அந்தக் குரலின் அடக்கமே அடக்கம். மிகையான கமகம் ஒன்றுகூட இல்லை. சுருதி எந்த இடத்திலும் பிசகவில்லை. சொல்லாமல் சொல்லும் கலையில் இவருக்கு நிகர் இவரே!"

ராஜாமணி மலர்ந்த முகத்தோடு மாலையை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். நைனா முகம்மது திரையின் விளிம்பிலிருந்து தலையை நீட்டி, "ஏழாவது ஆளு வரவே இல்லீங்களே" என்றார். மணவாளனின் வெண்கலக் குரலில் அது அமிழ்ந்துபோயிற்று.

"விலகட்டும் திரை! வெளிப்படட்டும் அந்த மாமேதை! கயித்த இழுய்யா பாய்!"

பாய் கயிற்றை இழுத்தார். முந்திரிப்பழம் இரண்டாகப் பிளந்து இருபுறமும் ஒதுங்கியது. உள்ளே வெறும் பலகை. அதன்மேல் காலிச் சோடாப் புட்டி ஒன்று, பிற்பகல் ஒளியில் மரகதம்போல் சுடர்ந்தது.

ஒரு கணம் பேரமைதி. அதற்குள், தில்லையில் பிறந்து வளர்ந்த மூதாட்டியர் மூவர் நால்வர், திரை விலகக் கண்டு, உள்ளே வெளியைக் கண்டு, நெடுநாட் பழக்கத்தால் தலைக்குமேல் கைகூப்பிவிட்டார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர்களைப் பார்த்துப் பின்வரிசைகளிலும் கைகள் உயர்ந்தன.

"மச்சான், ரகசியம்டா!" என்று எவனோ கத்தினான்.

அதற்குப்பின் எழுந்த சிரிப்பில், அந்தோணிசாமி காலத்துக்குப்பின் முதன்முறையாக மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. மாலையை யாருக்குப் போடுவது என்று அறியாத ராஜாமணி, எவரையும் வெறுங்கையோடு அனுப்பாத தம் இயல்பினால், அதைப் பலகைக்கே போட்டார். கொளஞ்சியப்பன் இருமி, "தன்னையே மறைத்துக்கொண்ட கலைஞரின் தன்னடக்கத்தை..." என்று தொடங்கினார். எவரும் கேட்கவில்லை.

"என் பாட்டிலு அங்க இருக்குங்க" என்றார் நைனா முகம்மது. அதையும் எவரும் கேட்கவில்லை.

கூட்டம் கலைகையில் லோகநாயகி புஷ்பவள்ளியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். சிரித்துச் சிரித்துப் புஷ்பவள்ளிக்குக் கண்ணில் நீர்.

"புஷ்பா, நான் பாடறப்ப விசிறிக்கிட்டியா?"

"நீ பாடறப்பதான் கரண்டு போச்சு. பின்ன?"

"நடுவுல நிறுத்துனியா?"

புஷ்பவள்ளி சிரிப்பதை விட்டாள். கையிலிருந்த நிகழ்ச்சித் தாளைப் பார்த்தாள். "நிறுத்துனேன்டி. அந்தத் திருவடிய கேக்கற வரி வந்துச்சுல்ல, அதுல. கை அப்பிடியே நின்னுபோச்சு. எம் பக்கத்துல இருந்தவளும் நிறுத்துனா."

"மத்த வரியெல்லாம்?"

"வேர்த்துச்சுடி" என்றாள் புஷ்பவள்ளி. "வடாத்த எடுக்கணும், வரேன்."

திரும்பும்போது கார் வெந்துகொண்டிருந்தது. ராஜாமணி விளம்பர அட்டை ஒன்றால் விசிறிக்கொண்டே, தமக்கு நேர்ந்த அவமானத்துக்குப் பரிகாரம் தேடினார்.

"சோடாவ அந்த ஆளுகிட்ட ஏன் குடுத்த? போவட்டும். அடுத்த வருஷம் சோடாவே வேணாம். திரையையே எடுத்துடலாம். ஆள நேராப் பாத்துட்டா கொழப்பமே இல்ல பாரு."

"திரை இருக்கட்டுங்க. மேல இருக்கற விசிறியத்தான் கழட்டணும்."

"விசிறியவா? பேரு இப்பத்தான் நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கு!"

லோகநாயகி சன்னலைத் திறந்துவிட்டு, அந்தப் பதிகத்தின் இரண்டாம் பாட்டை, கொளஞ்சியப்பன் புகழ்ந்த சங்கதியோடு, தாழ்ந்த குரலில் எடுத்தாள். ஓரக்கண்ணால் கணவரின் கையைப் பார்த்தாள். அட்டை மேலும் கீழும் ஓய்வின்றி அசைந்துகொண்டே இருந்தது.

அந்தச் சங்கதியை விட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.